சுவரில் திரும்பி வந்த கறை

ரூபன்,

கிழித்த உறையை எறிவதற்கு முன்னால் அதன் மேல் விழுந்திருக்கும் தபால் முத்திரையைப் பார். தேதி சனிக்கிழமையுடையது. உன் கல்லூரிப் பட்டியல் வெளியாவது திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு நாளுக்காகத்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். தினமும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும் மகனுக்கு எதற்குத் தபால் என்று நீ கேட்பாய். நேற்று உறை வாங்கப் போனபோது தபால் நிலையத்தில் இருந்தவரும் கேட்டார். உறையில் முகவரி எழுதி, முத்திரையில் தேதி தெளிவாக விழுமா என்று விசாரித்தேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், அனுப்புற அட்ரஸும் போற அட்ரஸும் ஒண்ணாவே கீது. வூட்லயே கையில குடுத்துட்லாமே?"

"தேதிக்கு ஒரு சாட்சி வேணும்."

"கோர்ட்டு கேஸா?"

"கிட்டத்தட்ட."

அவர் உறையைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு எடுத்தாங்க, நானே அழுத்திக் குத்தறேன். திங்கக்கெழம மத்தியானம் வூட்ல இருக்கும்" என்றார். நீ திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறாய். தபால்காரர் வழக்கமாகப் பன்னிரண்டு மணிக்கு வருவார். எனவே நீ இதைப் பட்டியலுக்கு முன்பே படித்துக்கொண்டிருக்க வேண்டும். தபால் தாமதமாகி, எல்லாம் முடிந்த பிறகு கையில் கிடைத்தாலும் முத்திரை பொய் சொல்லாது.

ஏன் இத்தனை ஏற்பாடு என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. உனக்குப் பன்னிரண்டு வயது. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கதை சொல்லும் போட்டி. அப்பாவும் நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தெருவே கூடித் தூக்குவதை நீ சொன்னாய். கதையை நீயே எழுதியிருந்தாய். எந்த இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. ஆட்டுக்குட்டி மேலே வந்து நின்றதும் நீ ஒரு மூச்சு பேசாமல் நின்றாயே, அந்த இடத்தில் எனக்கு இரண்டு கையிலும் மயிர்க்கூச்செறிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ கேட்டாய், "எப்படி இருந்ததும்மா?" நான், "ரிசல்ட் வரட்டும்" என்றேன். மறுநாள் முடிவு வந்தது. மூன்று பரிசில் ஒன்றும் உனக்கு இல்லை. "அடுத்த முறை இன்னும் தெளிவாகப் பேசு" என்றேன். அப்பா உன்னை ஸ்டேஷன் பக்கத்துப் பேக்கரிக்குக் கூட்டிப்போய் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நீ அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. நான் எதையும் சொல்வதற்கு முன்னால் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கிறவள். முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. அதற்கும் முன்னால், பெஞ்சின் மேல் விரலால் தடவித் தூசி பார்க்கும் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பழக்கம். இந்த முறை காத்திருக்கப் போவதில்லை.

மூன்று திரைப்படக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாய். முதலாவது இரண்டே வரியில் மறுத்தது. இரண்டாவது உன்னைக் காத்திருப்போர் பட்டியலில் பதினோராவதாக வைத்து அப்படியே மறந்துவிட்டது. மீதி இருப்பது வெளியூரில் இருக்கும் இந்த ஒன்றுதான். ஆறு இடம், நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள் முப்பது பேர் என்று நீ சொன்னாய். வயது வரம்பில் உனக்கு இது கடைசி வருடம் என்பதை நீ சொல்லவில்லை. விண்ணப்பத் தாளில் நானே படித்தேன். இந்த மூன்று மாதமாக நீ கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறாய், ஐந்து நிமிடத்துக்கொரு தரம் நிமிர்த்திப் பார்க்கிறாய், மறுபடியும் கவிழ்க்கிறாய். கீழ்வீட்டு மனோகரி உன்னைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் விடுவதில்லை. "என்னப்பா ரூபன், படம் எப்ப ரிலீஸு? ஹீரோயின் யாரு?" என்று சிரிக்கிறாள். "நீங்கதான் ஆன்ட்டி, கால்ஷீட் குடுங்க" என்று நீ சொல்லிவிட்டு மேலே வருவாய். மேலே வந்ததும் உன் முகம் மாறுவதை அவள் பார்த்ததில்லை.

உன் வேலையைப் பற்றி நான் வெளியே பெருமையாகச் சொல்லியிருக்கிறேனே தவிர, அது என்ன வேலை என்று உன்னிடம் ஒழுங்காகக் கேட்டதில்லை. எட்டு வருடமாகக் காலை ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் ஏறி, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி இருக்கும் தொழிற்சாலைக்குப் போகிறாய். பெயிண்ட் அடித்த கார் பாகங்கள் ஒவ்வொன்றாக உன் முன்னால் வரும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, குமிழி, கீறல், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். குறை கண்டுபிடிக்கிற வேலை. என் வேலையும் அதுதான் என்பதால் எனக்கு அது இயல்பாகவே பட்டது. ஒரு மனிதன் எட்டு வருடம் இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவன் கண் என்னவாக மாறும் என்று நான் யோசிக்கவில்லை.

விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரையை என்னிடம் திருத்தக் கொடுத்தாய். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். "ஒரு பொருளை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். அதை அடித்துவிட்டு ஓரத்தில், "எந்தப் பொருள்? தெளிவில்லை" என்று குறித்தேன். என்னுடைய எல்லாக் காற்புள்ளிகளையும் ஏற்றுக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் அப்படியே விட்டுத்தான் அனுப்பினாய். அப்போது எனக்குக் கோபம் வந்தது.

இனி சுவருக்கு வருகிறேன். நம் கூடத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் அப்பாவின் நாற்காலி. டூட்டி முடித்து வந்ததும் அதில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சுவரில் சாய்த்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். தலைக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கிற மனிதர். முப்பது வருடத்தில் சுவரில் ஒரு தட்டு அகலத்துக்கு எண்ணெய்க் கறை பிடித்திருந்தது. நான் சோடா உப்புப் போட்டுத் துடைத்தேன். நாற்காலியின் மேல் துண்டு விரித்தேன். காலண்டரை அந்த இடத்தில் மாட்டினேன். அவர் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்துகொண்டார். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. கறை இருந்தது. விண்ணப்பத்தோடு அனுப்ப நீ அதைப் படம் எடுக்க ஆரம்பித்தாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்.

"இதை யாரெல்லாம் பார்ப்பாங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சாறு பேர்மா. பெரிய ஆளுங்க. ஸ்க்ரீன்ல போட்டுப் பார்ப்பாங்க."

"இந்த அழுக்கையா?"

"அது அழுக்கு இல்லம்மா. தொடாதீங்க, ப்ளீஸ். இன்னும் பாதி எடுக்கணும்."

மூன்று தடவை சொன்னாய். நான் எண்ணிக்கொண்டேன். அந்த வியாழக்கிழமை நீ பஸ் ஏறியதும் பெயிண்டர் மூர்த்தியைக் கூப்பிட்டேன். அவர் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எண்ணெ கறைமா இது. சும்மா டிஸ்டெம்பர் அடிச்சா நிக்காது, திரும்ப வந்துகினே இருக்கும். பிரைமர் ஒண்ணு போட்டு, ஒரு நாள் காயவுட்டு, அப்பால அடிக்கலாம்."

"ஒரு நாளெல்லாம் முடியாது. சாயந்திரம் பையன் வர்றதுக்குள்ள முடியணும்."

"அப்புறம் மூர்த்தி அடிச்சது சரியில்லன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

மாலை ஆறரைக்கு நீ வந்தாய். ஷூவைக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றாய். ஈரம் காயாத வெள்ளைச் சுவர். சமையலறையிலிருந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கத்துவாய் என்று தயாராக இருந்தேன். பதிலும் தயாராக இருந்தது. நீ கத்தவில்லை. கை கழுவி, சாப்பிட உட்கார்ந்து, இரண்டு தோசை தின்ற பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"மூர்த்தி அண்ணன் பிரைமர் அடிச்சாராம்மா?"

"இல்லை."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். அழுகிறாய் என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலை கேமரா பழைய இடத்திலேயே, பழைய உயரத்தில் நின்றது. வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி. உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மனோகரியிடம் சொன்னேன். எட்டு வருடம் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் எண்ணெயைப் பார்த்தவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாவது நாள் சுவரில் ஒரு மங்கல் தெரிந்தது. வெளிச்சத்தின் தவறு என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் அது மஞ்சளாயிற்று. தினமும் வேலைக்குப் போகும் முன் பத்து நிமிடம், வந்த பின் பத்து நிமிடம் எடுத்தாய். ஆறு வாரம். கெடு முடிய நான்கு நாள் இருந்தபோது அப்பா தலை வைத்த இடம் முழுதாகத் திரும்பி வந்திருந்தது.

அந்தப் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலிலிருந்து வந்ததும், எனக்கு மடிக்கணினியில் போட்டுக் காட்டினாய். பதினோரு நிமிடம். நான் அதைப் பார்த்துவிட்டு, "கடைசியில் பெயர் எழுத்து சின்னதாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். எழுத்து சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் நான் சொல்ல வேண்டியது அது இல்லை. இப்போது சொல்கிறேன். அதில் வசனம் இல்லை, பாட்டு இல்லை. மின்சார ரயில் போகும் சத்தம் இருக்கிறது. குக்கர் விசில் இருக்கிறது. நாற்காலி இருக்கிறது. வெயில் ஜன்னல் கம்பி நிழலோடு சுவரில் ஏறி இறங்குகிறது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியில் இருந்து ஒருவர் மெதுவாக மேலே வருவதைப் போல, கறை வருகிறது. இத்தனை வருடம் அந்தக் கூடத்தில் நான் இருந்திருக்கிறேன். அந்த வெயிலை ஒரு நாள் கூட நான் பார்த்ததில்லை. என் மாப் குச்சியையும் தரையையும்தான் பார்த்திருக்கிறேன். வாயடைத்துப்போவது என்று சொல்வார்களே, அது எனக்கு நேர்ந்தது. எழுபது வயதில், என் வீட்டுக் கூடத்தைப் பார்த்து.

எட்டாவது நிமிடத்தில் நான் வருகிறேன். கேமரா ஓடுவது எனக்குத் தெரியாது, அல்லது தெரிந்து மறந்துவிட்டேன். கையில் ஈரத் துணி. நேராகக் கறைக்கு முன்னால் போய் நிற்கிறேன். துடைக்கப் போகிறேன் என்று எனக்கே தோன்றுகிறது. கை பாதி தூரம் போகிறது. நிற்கிறது. அந்தக் கிழவி அப்படியே நிற்கிறாள், துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுகிறது, அவள் தன் தரையில் தண்ணீர் சொட்டுவதைக் கூடக் கவனிக்கவில்லை. பிறகு திரும்பிப் போய்விடுகிறாள். இதை நான் செய்த நினைவே எனக்கு இல்லை. நீ பார்த்திருக்கிறாய், வைத்திருக்கிறாய். எந்த இடத்திலும் அவளைக் கேலி செய்யவில்லை, பாவப்படவும் இல்லை. ஒரு பொருளை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று நீ எழுதிய வரியை நான் அடித்தேனே, அந்தச் சிவப்புக் கோட்டை அப்போதுதான் மனதில் அழித்தேன்.

நேர்முகத் தேர்விலிருந்து வந்து நீ சொன்னதை நான் தினமும் நினைக்கிறேன். அங்கே இருந்த ஒரு பெரியவர், "சுவருக்கு வெள்ளை அடித்தது நீங்கள் செய்த ஏற்பாடா?" என்று கேட்டாராம். "இல்லை சார், அம்மா செய்தார்கள்" என்றாயாம். "சண்டை போட்டீர்களா?" என்றதற்கு, "இல்லை, அம்மாவுக்கு ஒரு காரணம் இருக்கும், அது எனக்குத் தெரியாது என்பதுதான் படம்" என்று சொன்னாயாம். நீ இதைச் சாம்பார் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாய். நான் எழுந்து அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

காரணம் இருக்கிறது, ரூபன். வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று உன்னிடம் சொன்னது பாதி உண்மை. நீ போகக் கூடாது என்றுதான் நான் இப்படிச் செய்தேன் என்று மனோகரி நினைக்கிறாள். அது உண்மையே இல்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை, நீ ஆட்டோ கூட்டிவர வெளியே ஓடினாய். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, தலையைச் சுவரில் சாய்த்தார். நான் ஒரு பையில் அவருடைய வேட்டியையும் துண்டையும் வைத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், "சுவத்துல இருந்து தலையை எடுங்க" என்றேன். அவர் எடுத்துவிட்டார். முப்பது வருடத்தில் நான் சொன்னதும் எடுத்தது அன்று ஒரு நாள்தான். ஆட்டோ வரும்வரை எதிலும் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. அங்கே அவரோடு எவ்வளவோ பேசினேன், ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கறையை நீ பெரிய திரையில் போட்டால், அதைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் நான் சொன்னது கேட்டுவிடும் என்று பயந்தேன். அதனால்தான் வெள்ளை அடித்தேன். இதை நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொன்னதில்லை.

கறை திரும்பி வந்த அந்த ஆறு வாரமும் நான் உனக்குத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் தண்டனை போல இருந்தது. நான்காவது வாரத்துக்குப் பிறகு அப்படி இல்லை. அவர் மறுபடியும் சாய்ந்துகொண்டார் என்று தோன்றியது. இதை எனக்குச் செய்துகொடுத்தவன் நீ. என் காரணம் தெரியாமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கேமராவுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துகொண்டு செய்தாய். என் வயிற்றில் பிறந்த ஒருவனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று நான் பிரமித்துப்போயிருக்கிறேன். அப்பாவிடமிருந்து என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

அறிவுரை இல்லாமல் உன் அம்மா கடிதம் எழுத மாட்டாள் என்று உனக்குத் தெரியும். பட்டியலில் உன் பெயர் இருந்தால்: நேரத்துக்கு முன்னால் வகுப்புக்குப் போ. சட்டையை நீயே தேய்த்துக்கொள். உன்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் உன்னோடு படிப்பார்கள், அவர்கள் உன்னை அண்ணா என்று கூப்பிட்டால் கோபப்படாதே. என்னைத் தினமும் கூப்பிட வேண்டாம், ஞாயிறு கோயில் முடிந்த பிறகு போதும். பெயர் இல்லாவிட்டால்: செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் பஸ் ஏறு, ஆனால் கேமராவை விற்காதே. மனோகரி கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஐந்தாறு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து உன் படத்துக்கு மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது, அது அவர்கள் வேலை, நானும் செய்த வேலைதான். எத்தனை தாளுக்கு அவசரத்தில் குறைத்துப் போட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

மாலை ஐந்து மணிக்கு அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லட்டும். நான் இப்போதே சொல்கிறேன், முத்திரை சாட்சி: படம் மிக நன்றாக இருந்தது. ஆட்டுக்குட்டிக் கதையும் மிக நன்றாக இருந்தது. நீ கேட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பஸ்ஸிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கறை அப்படியே இருக்கும். மூர்த்தியை இனிக் கூப்பிடப் போவதில்லை. இன்று காலை நீ குளித்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்தேன். அவர் உயரம் எனக்கு இல்லை, என் தலை நாலு விரல் கீழே படுகிறது. இனி தினமும் உட்காரலாம் என்றிருக்கிறேன். நீ போனால், திரும்பி வரும்போது அந்த இடத்தைப் பார். பெரிய கறைக்கு நாலு விரல் கீழே ஒரு சின்ன மங்கல் தெரிந்தால் அது வெளிச்சத்தின் தவறு இல்லை.

அம்மா